ரிப்போர்ட் நார்மல்

அன்பு மருமகளுக்கு,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஈ.எஸ்.ஆர். சரி, சி.ஆர்.பி. சரி, தைராய்டு சரி, ஹீமோகுளோபினும் சரி. அடியில் எழுதியிருந்தாய்: "எல்லாம் நார்மல் அத்தை. அப்போ எனக்கு என்னதான்?" இதே கேள்வியை நான் ஏழு வருடம் கேட்டிருக்கிறேன். அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப் போட்டதுபோல எழுந்திருப்பது, கழுத்தில் தொடங்கி இடுப்பு, தொடை என்று ஊர் சுற்றும் குடைச்சல், பைவார் தோளில் பட்டாலே வலி, பேச்சின் நடுவே சொல் தொலைந்துபோவது. ஆறு மாதமாக இப்படி. இவற்றையெல்லாம் கேட்டுத்தான் உன் டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்றிருக்கிறார். ஒன்றும் கிடைக்காதபோது வைக்கிற பெயர் அது என்று உன் தோழி சொன்னாளாமே. அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவியிருக்கிறாயா? கை தீயாய் எரியும். தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் நார்மல் என்றுதான் காட்டும். அது பொய் சொல்லவில்லை; எரிச்சலும் பொய்யில்லை. மாறியிருப்பது கை. நமக்கு மாறியிருப்பது முதுகுத்தண்டிலும் மூளையிலும் வலியைக் கையாளும் நரம்புகளின் போக்கு. 2002-ல் அமெரிக்காவில் சிலரின் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடியே மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 4 கிலோ அழுத்தம் தந்த வலியை இந்த நோய் உள்ளவர்கள் சுமார் 2.4 கிலோவிலேயே உணர்ந்தார்கள். அவர்கள் மூளையிலும் அதே வலிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. நடிப்பவர்களுக்கு அது கைகூடாது.

மருத்துவர்களும் நெடுநாள் தவறான கதவைத்தான் தட்டினார்கள். 1904-ல் வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இவ்வகை வலிக்கு அழற்சிதான் காரணம் என்றெண்ணி 'ஃபைப்ரோசைடிஸ்' என்று பெயரிட்டார். தேடித் தேடிப் பார்த்தும் தசையில் அழற்சி இல்லை. 1976-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. 1990-ல் வந்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்துவார்கள். 11 இடம் வலிக்க வேண்டும். என்னையும் அப்படித்தான் அழுத்தினார்கள். எண்ணி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். 2010-க்குப் பிறகு அந்தச் சித்திரவதை தேவையில்லை. வலி எங்கெங்கே, மூன்று மாதமாவது நீடித்ததா, தூக்கம் எப்படி, மறதி எவ்வளவு என்று கேட்டே முடிவு செய்யலாம். உன் ரத்தப் பரிசோதனை வேறு நோய்கள் இல்லை என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

டியூலோக்ஸெடின் சீட்டைப் பார்த்து, "மனச்சோர்வு மாத்திரையாமே, என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த மாத்திரை, வலியை அடக்க மூளை கீழே அனுப்பும் சேதிக்குத் துணைபோகும் ரசாயனங்களைக் கூட்டுகிறது. எல்லோருக்கும் கேட்காது, எனக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீயாக வலி மாத்திரை வாங்கி விழுங்காதே. அது தணிக்க இங்கே அழற்சியே இல்லை, வயிறுதான் புண்ணாகும்.

உண்மையில் கை கொடுப்பது நடை. 2016-ல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு எல்லாச் சிகிச்சைகளையும் அலசி, அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். வலிக்கிற உடம்பை நடக்கச் சொல்கிறார்களே என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. பத்து நிமிடத்தில் தொடங்கு. பத்து என்றால் பத்துதான். ஒரு பொங்கலுக்கு முன்னால் உடம்பு லேசாக இருக்கிறதே என்று பரண் முழுவதையும் இறக்கித் துடைத்தேன். பொங்கலன்று எழுந்திருக்க முடியவில்லை, உன் அம்மாதான் பானை வைத்தாள். நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த நல்ல நாள்தான். அன்றைக்கும் பத்து நிமிடத்தோடு வீட்டுக்குத் திரும்பு.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, கை காலில் பலம் குறைந்தாலோ அதையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதே. உடனே டாக்டரைப் பார்.

என் அண்ணன், "இந்த வயசில் என்ன வலி, எல்லாம் செல்போனால்" என்கிறாராம். அவரிடம் நீ வாதாட வேண்டாம், களைத்துப்போவாய். வியாழக்கிழமை நான் வருகிறேன். அதற்குள் இந்தக் கடிதத்தை அவர் படிக்கும் செய்தித்தாளின் மடிப்புக்குள் வைத்துவிடு.

உன்
அத்தை