டேப்லெட்டைக் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்க்கலாமா?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில், அவரவர் விருப்பப்படி கைக்கணினி (டேப்லெட்) அல்லது மடிக்கணினி தரப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதிலுள்ள 'அல்லது' லேசான சொல் இல்லை. ஒன்று கையில் இருந்தால் மற்றது தேவைப்படாது என்கிறது அது. கணினி விற்பனையை எண்ணிச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல வருடங்களாக முட்டிக்கொண்டு நிற்பதும் இந்த இடத்தில்தான்.

நம்பிக்கை: டேப்லெட் என்பது ஊதிப் பெருக்கிய செல்போன்.

நடந்தது தலைகீழ். ஐபோனுக்கு முன்பே ஆப்பிளில் டேப்லெட் வேலை தொடங்கிவிட்டது, அதற்காகச் செய்த தொடுதிரையைப் பார்த்த பிறகே போன் செய்யும் யோசனை வந்தது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் ஒரு மேடைப் பேட்டியில் சொன்னார். அந்தக் கணக்கில் போன்தான் சுருங்கிய டேப்லெட்.

கதை அதற்கும் பழையது. 1972-இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆலன் கே, நோட்டுப்புத்தக அளவில் ஒரு கருவியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். பெயர் டைனபுக். செய்து காட்ட அன்று யாரிடமும் சரக்கு இல்லை. ஆனால் கட்டுரைத் தலைப்பிலேயே அதைக் குழந்தைகளுக்கான 'பெர்சனல் கம்ப்யூட்டர்' என்றுதான் குறிப்பிட்டார். ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது 1981-இல். 1989-இல் வந்த கிரிட்பேட் பேனாவால் எழுதும் பலகை. உள்ளே ஓடியதோ மேசைக் கணினிகளில் ஓடிய அதே எம்எஸ்-டாஸ்.

நம்பிக்கை: எது கம்ப்யூட்டர் என்று யாரோ எங்கோ முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள்.

2011-இன் கடைசிக் காலாண்டில் ஆப்பிள் விற்றவை 1.54 கோடி ஐபேடுகள், 52 லட்சம் மேக்குகள். ஐபேடையும் பிசியாக எண்ணிய கனலிஸ் நிறுவனம், உலகிலேயே அதிகக் கணினி விற்றது ஆப்பிள்தான் என்றது. ஐபேடை எண்ணாத ஐடிசி, கார்ட்னர் நிறுவனங்களின் பட்டியல்களில் முதலிடம் எச்பிக்கு. சரக்கு அதே சரக்கு, பட்டியல்தான் வேறு.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. மைக்ரோசாப்டின் சர்ஃபேஸைப் பிசியாகச் சேர்த்த கார்ட்னர், குரோம்புக் மடிக்கணினியை நீண்ட காலம் வெளியே நிறுத்தியது. ஐடிசியோ குரோம்புக்கைச் சேர்த்துக்கொண்டு, கீபோர்டு கழற்ற முடிகிற சர்ஃபேஸை டேப்லெட் பக்கம் தள்ளியது. காலாண்டுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் வரும் 'பிசி விற்பனை சரிவு' செய்தியைப் படிக்கும்போது, எண்ணியது யார் என்று ஒரு நொடி பார்த்துக்கொள்வது நல்லது.

சுங்கத்துறைக்கு இந்தக் குழப்பம் குறைவு. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்குப் பட்டியலில் 8471 என்ற எண்ணின் கீழ் கணினிகள் வருகின்றன. அதில் கையில் எடுத்துச் செல்லும் வகைக்கு இலக்கணம்: எடை 10 கிலோவுக்கு மிகக் கூடாது, மையச் செயலி, கீபோர்டு, திரை மூன்றும் இருக்க வேண்டும். டேப்லெட்டில் கீபோர்டு எங்கே? திரையில் முளைக்கும் கீபோர்டே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். 2023 ஆகஸ்டில் இந்திய அரசு இறக்குமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது லேப்டாப்பும் டேப்லெட்டும் இதே 8471-இன் கீழ் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

நம்பிக்கை: உள்ளே திறன் போதாது.

256 எம்பி நினைவகத்தோடு வந்த 2010-இன் முதல் ஐபேடுக்கு அது பொருந்தும். 2021-இல் ஐபேட் ப்ரோவுக்குள் போனது மேக்புக் ஏரில் இருந்த அதே எம்1 சிப். 2024-இல் எம்4 முதலில் வந்தது ஐபேடில். மேக்குகள் சில மாதம் காத்திருந்தன. அவ்வளவு வலுவான கருவியில் ஆப்பிளின் சொந்தக் கால்குலேட்டர் வந்து சேர்ந்ததும் அதே 2024-இல்தான் என்பது தனிக் கூத்து.

நம்பிக்கை: படம் பார்க்கத்தான் டேப்லெட், வேலை செய்ய அல்ல.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி யார்க்‌ஷயரின் வசந்தத்தை 2011-இல் ஐபேடிலேயே வரைந்தார். அவற்றைப் பெரிதாக அச்சிட்டு 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் மாட்டினார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமந்து திரிந்த வரைபடங்களும் கையேடுகளும் அடங்கிய பை சுமார் 16 கிலோ. 2013-க்குள் அந்தப் பையின் இடத்தை ஐபேட் பிடித்துவிட்டது.

நம்பிக்கை: கீபோர்டு மாட்டிவிட்டால் டேப்லெட் கம்ப்யூட்டர் ஆகிவிடும்.

இதற்கு 90 கோடி டாலர் விலை கொடுத்துப் பாடம் கற்றது மைக்ரோசாப்ட். 2012 அக்டோபரில் வந்த சர்ஃபேஸ் ஆர்டியில் பழகிய விண்டோஸ் முகம், வேர்டு, எக்செல், காந்தத்தால் ஒட்டும் கீபோர்டு எல்லாம் இருந்தன. வீட்டுக் கணினியில் வருடக்கணக்காக ஓடிய ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து இரட்டைக் கிளிக் செய்தால் மட்டும், இது உங்கள் பிசியில் ஓடாது என்று கைவிரித்தது. தன்னைப் பிசி என்றே சொல்லிக்கொண்டு! மைக்ரோசாப்டின் கடையிலிருந்து வந்த செயலிகளுக்கு மட்டுமே அதில் அனுமதி. மறு ஆண்டு ஜூலையில், விற்காமல் தேங்கியவற்றுக்காக அந்தத் தொகையை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். இடையில், 2013 பிப்ரவரியில், கிட்டத்தட்ட அதே தோற்றத்தோடு வந்தது சர்ஃபேஸ் ப்ரோ. உள்ளே இன்டெல் சிப், முழு விண்டோஸ். எதை ஏற்றினாலும் ஓடியது.

ஆக, கேள்வி கீபோர்டைப் பற்றியதல்ல. 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லைப் பற்றியதுகூட அல்ல. அதற்கு முன்னால் நிற்கும் 'பெர்சனல்' எவருடையது என்பதுதான். 2011-இல் தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. அது பிடிக்காதவர்கள் பக்கத்துக் கடையில் கொடுத்து, மொத்தத்தையும் அழித்து வேறொன்றை ஏற்றிக்கொண்டார்கள். நல்லதோ கெட்டதோ, பெட்டி அவர்களுடையது. ஐபேடில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட் கொஞ்சம் நெகிழும். டெர்மக்ஸ் போன்ற செயலியைப் போட்டு சி நிரல் எழுதி ஓட்டும் மாணவர்கள் உண்டு.

ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும். புராஜெக்ட் அறிக்கையை டேப்லெட்டிலேயே முடித்த மாணவர் அதை நீட்டுவார். கடைக்காரர் திரையை ஏறெடுத்தும் பார்க்காமல், "வாட்ஸ்அப்ல போடுப்பா" என்பார். கோப்பு என்ற ஒன்று இருப்பதையே ஐபேட் ஏழு வருடம் மறைத்து வைத்திருந்தது. 'ஃபைல்ஸ்' செயலி 2017-இல் வந்தது, பென்டிரைவைப் படிக்கும் வசதி 2019-இல். இன்று அந்தத் தடை பெரும்பாலும் விலகிவிட்டது. தமிழ் இலக்கியமோ வரலாறோ படிக்கும் மாணவருக்கு டேப்லெட்டும் கீபோர்டும் மூன்று வருடத்துக்குத் தாராளமாகப் போதும். கேட் மென்பொருளில் இயந்திர பாகம் வரைய வேண்டிய பொறியியல் மாணவர் டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாம் ஆண்டிலேயே நண்பரின் லேப்டாப்பைக் கடன் கேட்க வேண்டிவரும்.

ஆலன் கே கற்பனை செய்த பலகையில் குழந்தைகள் தாங்களே நிரல் எழுதினார்கள். எம்ஐடியில் உருவான, குழந்தைகளுக்கான நிரல்மொழியான ஸ்கிராட்ச், அந்த வழியில் வந்ததுதான். குழந்தைகள் அதில் செய்தவற்றைக் காட்டும் செயலியை 2010 ஏப்ரலில், ஐபேட் கடைக்கு வந்த அதே மாதத்தில், ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. வெளியிலிருந்து வரும் நிரலை ஒரு செயலி ஓட்டக் கூடாது என்பது அன்றைய விதி. சிறு குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் ஜூனியர் ஐபேடில் வந்தது 2014-இல். முழு ஸ்கிராட்சுக்கு 2019 வரை ஆனது. அதுவும் கடை வழியாக அல்ல, பிரவுசர் வழியாக.