ரோட்கிங் மறுபடியும் ஓடும்

கல்லூரி நாட்களில் ஓட்டிய 1982 யெஸ்டி ரோட்கிங், இருபது வருஷமாக ஷெட்டில் கிடக்கிறது. உயிர் கொடுக்க முடியுமா?
– வாசகர், செகந்திராபாத்

தாராளமாக! ஆனால் ஆசையில் உடனே கிக்கரை உதைக்காதீர்கள். துருப்பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைவழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். இறங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்துபோன கிராங்க் ஆயில் சீல்களை மாற்றியே ஆக வேண்டும். பழைய சீல்கள் வழியே காற்று புகுந்தால் எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க மறக்காதீர்கள்.

ரோட்கிங்கைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டாலும் பாகங்கள் கிடைக்கின்றன, உங்கள் ஊர் ராணிகஞ்சில் விசாரியுங்கள். வண்டிக்கு 50 வயது ஆகாததால் விண்டேஜ் பதிவு கிடையாது. ஆர்.சி.யைப் புதுப்பித்த பிறகே ரோட்டில் இறக்குங்கள். பெயின்ட் கடைசியில் அடித்துக்கொள்ளலாம்.