ஜப்பானில் தனியாக: பயப்பட வேண்டியது ரயிலுக்கு அல்ல

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மொழி தெரியாத நாட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அங்க யார்கிட்ட என்னன்னு கேப்ப?" என்பதுதான். ஜப்பான் என்றால் எழுத்தும் புரியாது, பயம் இரட்டிப்பாகிறது. இந்தப் பயத்தில் பாதி வீண். மறுபாதி அவசியமானது, ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை.

நம்பிக்கை: ரயிலில் தொலைந்துபோவோம்.

டோக்கியோவின் சுரங்க ரயில் நிலையங்களுக்கு 2004 முதல் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. கின்ஸா தடத்தில் ஷிபுயா ஜி 01, கின்ஸா ஜி 09, அசாகுசா ஜி 19. கின்ஸாவில் ஏறி அசாகுசா போகிறவர், அடுத்த நிலையம் 10 ஆ, 8 ஆ என்று பார்த்தாலே திசை தெரிந்துவிடும். முன்பணம் ஏற்றிய ஸூயிகா பயண அட்டை இருந்தால் டிக்கெட் கேட்க வாய் திறக்கவே வேண்டாம். சிக்கல் வெளியே வரும்போதுதான். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். விடுதிக்கு எந்த வாசல் பக்கம் என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: முகவரி கையில் இருந்தால் போதும்.

அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பகுதி, அதன் பிரிவு, மனைத்தொகுதி, கட்டட எண் என்று முகவரி போகும்; பழைய பகுதிகளில் அந்தக் கட்டட எண்களும் வரிசையாக இருக்காது. ஆங்கில எழுத்தில் உள்ள முகவரியைக் காட்டினால் டாக்சி ஓட்டுநர் திணறக்கூடும். விடுதியின் பெயர், முகவரி இரண்டையும் ஜப்பானிய எழுத்திலேயே வைத்திருங்கள். வழி தவறினால் 'கோபான்' எனப்படும் சிறு காவல் சாவடிக்குத் தயங்காமல் போகலாம். வழி சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை.

நம்பிக்கை: "இறைச்சி வேண்டாம்" என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினால் சைவ உணவு வரும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்ற சாறு. கொம்பு என்னும் கடற்பாசியோடு, காய வைத்துச் சீவிய கத்சுவோ மீனும் பெரும்பாலும் அதில் சேரும். மிசோ சூப், உடோன் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த கீரை, எல்லாவற்றிலும் தாஷி இருக்கலாம். சமைத்தவர் ஏமாற்றவில்லை. இறைச்சி வேண்டாம் என்றீர்கள், அவர் போடவில்லை. மீன் அவர் கணக்கில் இறைச்சி அல்ல. செல்போனும் சரியாகத்தான் மொழிபெயர்த்தது. ஆகவே இறைச்சி, கோழி, மீன், முட்டை, மீன் சேர்த்த தாஷி என்று சாப்பிடாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். வேர்க்கடலையோ இறாலோ உடலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமா? வாகயாமா மாநிலத்தின் கோயாசான் மலைக்குப் போங்கள். அங்குள்ள பௌத்த மடங்களில் தங்கலாம். மடத்துச் சமையலான 'ஷோஜின் ரியோரி'யில் மீன் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூட மரபாகச் சேர்ப்பதில்லை. தாஷியைக் கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள்.

நம்பிக்கை: ஊர் மருந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் கவலையில்லை.

இதைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால், அதை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளையே ஒரு மாதத் தேவைக்கு மேல் எடுத்துப்போவதானால் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். மருத்துவரின் சீட்டையும் மருந்தின் மூலப்பெயரையும் உடன் வைத்திருங்கள். அங்குள்ள மருந்தாளருக்கு நம் ஊர் வணிகப் பெயர் எதுவும் தெரியாது.

ஆம்புலன்ஸுக்கு 119, காவலுக்கு 110. ஜப்பான் சுற்றுலா அமைப்பின் உதவி எண் 050-3816-2787. இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். இவற்றையும் விடுதி முகவரியையும் உணவுச் சீட்டையும் செல்போனில் மட்டும் வைத்திருந்தால், சார்ஜ் தீர்ந்த நேரத்தில் உதவாது. தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்.