சுழல் கம்பியில் முழுக் கோழி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் தோலை உரித்துத்தான் தருகிறார்கள். அப்படியே கம்பியில் ஏற்றிச் சுடலாமா?
வாசகர், கரூர்

பதில்: தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு உருகி, கோழி சுழலச் சுழல உடம்பெங்கும் வழிந்து கறியை உலராமல் காப்பதற்காகத்தானே இத்தனை பிரயத்தனமும்? கடைக்காரர் கத்தியை எடுப்பதற்கு முன்பே, "முழுசா, தோலோட" என்று சொல்லிவிடுங்கள். உரித்தாகிவிட்டதென்றால் துண்டு போட்டு வறுத்துவிடுங்கள்.

கேள்வி: கம்பி சுற்றும்போது கோழி பாதிச் சுற்றில் திணறி நின்று, பிறகு தொபுக்கென்று புரள்கிறது. மோட்டார் பழுதா?
வாசகி, திருச்சி

பதில்: மோட்டாரின்மேல் பழி சுமத்துவதற்கு முன், கோழியைக் கம்பியில் ஏற்றிய லட்சணத்தைச் சற்றுப் பரிசீலியுங்கள். மேசைமேல் வைக்கும் சிறிய அவன்களின் மோட்டார் அற்ப பலமுள்ளது. பாரம் அச்சைச் சுற்றிச் சமமாக அமைந்திருந்தால் ஒன்றேகால் கிலோக் கோழியையும் சலியாமல் சுற்றும் அதே மோட்டார், ஒரு புறம் மட்டும் குடம் தொங்கும் காவடியைப் போல் பாரம் சாய்ந்துவிட்டால் ஏற்றத்தில் தவித்து, இறக்கத்தில் சரிந்து, கனத்த பக்கம் கீழேயே தங்கி வேகாமலிருக்க, மற்றப் பக்கம் மேல்கம்பியின் உஷ்ணத்தில் கருகுவதற்கு இடங்கொடுத்துவிடும். இதற்குப் பரிகாரம் மெக்கானிக்கிடம் இல்லை. கோழியைக் குத்திய கம்பியின் இரு முனைகளையும் இரு கைவிரல்களின்மேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். எத்தனை முறை உருட்டிவிட்டாலும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால், கம்பியை உருவி அந்தக் கனத்த பக்கத்தை ஒட்டி மறுபடி செருகுங்கள். இறக்கைகளை உடம்போடு சேர்த்தும், கால்களிரண்டையும் ஒன்றாக்கிக் கம்பியோடு சேர்த்தும் பருத்தி நூலால் இறுகக் கட்டுங்கள். நைலான் நூல் உருகும். அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பிறகு ஸ்விட்சைப் போடாமலே கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எந்த அங்கமும் சூட்டுக்கம்பியில் உரசவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். வேக வேகக் கறி சுருங்குமாதலால், பாதி நேரத்தில் கவ்விமுட்களின் திருகை ஒரு தடவை துணியால் பிடித்து முடுக்குவதும் அவசியம். இவ்வளவையும் புறக்கணித்துவிட்டு, அடுத்ததாக விலையுயர்ந்த அவன் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

கேள்வி: நாட்டுக்கோழியை இப்படிச் சுடலாமா?
வாசகர், விருதுநகர்

பதில்: குழம்பு வையுங்கள்.

கேள்வி: தயிர் மசாலா கெட்டியாகப் பூசினேன். பாதி தட்டில் விழுந்தது, மீதி கருகியது.
வாசகி, மதுரை

பதில்: வேறென்ன நடக்கும்? தந்தூரியின் ஞாபகத்தில் இதைச் செய்கிறீர்கள். முதல் நாள் இரவே, கிலோவுக்குச் சுமார் 10 கிராம் உப்பை உள்ளும் புறமும் தடவி, மூடாமல், மற்றப் பதார்த்தங்களில் படாதபடி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், தோலும் உலரும். மறுநாள் மிளகாய்த்தூளையும் மிளகையும் எண்ணெயில் குழைத்து மெல்லியதாகத் தடவுங்கள், போதும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் சொட்டும் நெய் புகையாது.

கேள்வி: 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டும் எலும்போரம் சிவப்பாக இருந்தது. பயந்துபோய்க் கொட்டிவிட்டோம்.
வாசகி, நாகர்கோவில்

பதில்: அடடா! இளம் பிராய்லரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து, நன்றாக வெந்த கறியும் அப்படித் தோன்றுவதுண்டு. வேகாத கறி வெளுத்துத் தோன்றுவதும் உண்டு. ஆகையால் நிறத்தையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டு, சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். தொடையின் தடித்த பாகத்தில், எலும்பில் படாமல் செருகிப் பார்த்து 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் தாராளமாகச் சாப்பிடலாம். கத்தியை மட்டும் ஒரு பத்து நிமிஷம் கழித்து எடுங்கள்.