ஏட்டுச் சுரைக்காய்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. கம்பெனிகளின் ஆண்டறிக்கைக்கும் அது பொருந்தும் என்பதை அண்மையில் கற்றேன்.

தங்கையின் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தை ஒரு கம்பெனியின் பங்குகளில் போடும்படி அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார். “நீ படிக்கிறவன், பார்த்துச் சொல்லு” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான், கணக்கியலோ அறியேன். வணிகவியல் பேராசிரியரை நாடினேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. வண்ணப் படங்களையும் தலைவர் உரையையும் பிறகு பார்க்கலாம். முதலில் தணிக்கையாளர் அறிக்கையைப் படித்து, அவருக்கு ஆட்சேபம் உண்டா என்று அறிய வேண்டும். அடுத்து, இலாப நட்டக் கணக்கையும் ரொக்க ஓட்ட அறிக்கையையும் ஒப்பிட வேண்டும். கடனுக்கு விற்றதும் விற்பனையாகவே கணக்கில் ஏறும். பணம் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

நான் பார்த்த அறிக்கையில் மூன்றாண்டுகளாக இலாபம் ஏறியது. தொழிலில் வந்த ரொக்கம் இறங்கியது. சொன்னதும், பெட்டிக்கடை நடத்தும் அப்பா, “நம்ம கடன் நோட்டு மாதிரின்னு சொல்லு” என்றார். பணம் அஞ்சலகத்திலேயே இருக்கிறது.

ஏடே பொய் சொல்வதும் உண்டு. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதன் தலைவரே 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டார். தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்குதான் அது!

மாணவ நண்பர்களே, ஆண்டறிக்கை எல்லா ஆபத்தையும் காட்டிவிடாது. ஆயினும் படித்துப் பார்த்தபின் பணம் போடச் சொல்வது நம் கடமை. நம்மை நம்பித்தான் வீட்டில் கேட்கிறார்கள்.