வானப் படத்தில் கிழக்கு ஏன் இடப்பக்கம்?

கேள்வி: ஃபிட்ஸ் எனும் வானியல் கோப்பு வடிவிலான படத்தில் வடக்கு மேலே இருக்க, கிழக்கு இடப்பக்கம் வருகிறதே, பிழையா? பைத்தானில் கணக்கிட்டால் நட்சத்திரம் ஒரு பிக்சல் விலகியும் நிற்கிறது.

பதில்: பிழையல்ல. நிலப்படத்தில் தரையை மேலிருந்து பார்க்கிறோம்; வானத்தையோ கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அதனால் கிழக்கும் மேற்கும் இடம் மாறுகின்றன. வானின் கிழக்கு-மேற்கு ஆயமான வல ஏற்றம் கிழக்கு நோக்கிக் கூடுவதால், வலப்பக்கம் ஒரு பிக்சல் நகர்ந்தால் வரும் மாற்றத்தைக் கோப்பின் தலைப்பகுதியில் சொல்லும் ‘சிடெல்ட்1’ மதிப்பு பெரும்பாலும் மைனஸில் இருக்கும்.

அங்கேயே ‘சிஆர்பிக்ஸ்’ ஆதாரப் பிக்சலையும், ‘சிஆர்வால்’ அதன் வான ஆயத்தையும் சொல்லும். தலைப்பகுதியில் ‘டான்’ என்றிருந்தால், வானக்கோளத்தை அந்த ஆதாரப் புள்ளியில் தொடும் தட்டைத்தளத்தில் படம் விரிக்கப்பட்டிருக்கிறது. விளிம்புக்குப் போகப்போக அளவு மிகும்.

ஃபிட்ஸ் முதல் பிக்சலை 1 என எண்ணும். பைத்தான் 0 என எண்ணும். உங்கள் ஒரு பிக்சல் விலகலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பைத்தானின் வானியல் நிரல் நூலகமான ஆஸ்ட்ரோபை கேட்கும் தொடக்க எண்ணுக்கு 0 கொடுத்துப் பாருங்கள்.