கம்பெனி கேட்டில் போய் நிற்பதற்கு முன்

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை போனால் ஒரு பக்கம் துறைமுகமும் கடலும், மறுபக்கம் கன்டெய்னர் யார்டும் கம்பெனி மதில்களும். இத்தனை கேட்டுகள் இருக்கிற ஊரில், காலையில் தேரடி, டோல்கேட் டீக்கடைகளில் கான்ட்ராக்டர் வேனுக்காக நிற்கிற பிள்ளைகளிடம் என்ன வேலை என்று கேட்டால் "ஹெல்பர்ணா" என்பார்கள். கூட நின்றே வெல்டிங் கற்றவனும் ஹெல்பர். ஆள் வராத நாளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனும் ஹெல்பர். வேலை தெரிகிறது, அதைச் சொல்ல ஒரு தாள்தான் இல்லை. அந்தத் தாளை எங்கே, எப்படி, கூடியவரை காசு செலவழிக்காமல் வாங்கலாம் என்பதற்காக இந்தக் குறிப்புகள்.

1. முதலில் நீங்கள் எந்த மாவட்டம் என்று பாருங்கள். திருவொற்றியூர் தாலுகா 2018 ஜனவரியில்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி எல்லாம் இன்னமும் திருவள்ளூர்தான். 2018க்கு முன்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள், தங்கள் பதிவு எந்த மாவட்டத்தில் இருக்கிறது, அதில் உள்ள முகவரியும் ஆதாரில் உள்ள முகவரியும் ஒன்றா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் விண்ணப்பம் திரும்பி வருவது இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான்.

2. வேலைவாய்ப்பு அட்டையை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இப்போது ஆன்லைனிலேயே செய்யலாம். புதுப்பிக்க வேண்டிய மாதம் அட்டையிலேயே இருக்கிறது. செல்போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை ஆணை போடும், அப்போது விடாதீர்கள். ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டும்: அட்டை போட்டுவிட்டு 'கார்டு' வரும் என்று காத்திருந்தது அப்பா காலத்துக் கதை. அரசு வேலைகளில் பெரும்பாலானவை இப்போது தேர்வாணையம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் என்று தேர்வு வழியாகவே போகின்றன. அதற்காக அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த குறிப்புக்கு அது வேண்டும்.

3. பதிவு செய்து 5 ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல். அவர்கள் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். இந்தப் பணத்தில் இன்று என்ன வாங்க முடியும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். விண்ணப்பம் எழுதவும் மெட்ரோ டிக்கெட்டுக்கும் ஆகும். வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பத்தாவதோடு நின்ற பிள்ளைக்கு, என்னைக் கேட்டால், பெயர் தெரியாத தனியார் 'இன்ஸ்டிடியூட்'டை விட அரசு ஐ.டி.ஐ.தான். வடசென்னை, ஆர்.கே. நகர், அம்பத்தூர் என்று பக்கத்திலேயே இருக்கின்றன. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு; வெல்டர், வயர்மேனுக்கு எட்டாம் வகுப்பே போதும். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை எல்லாம் கிடைக்கும். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயது இல்லை. ஆறாவது முதல் அரசுப் பள்ளியிலேயே படித்துவிட்டுச் சேர்ந்தால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. (புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியதே நம்ம பிராட்வே பக்கத்து பாரதி மகளிர் கல்லூரியில்தான்.) பல அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து ரோபோ, சி.என்.சி. மெஷின் எல்லாம் இறக்கியிருக்கிறார்கள். சேர்க்கை பள்ளி ரிசல்ட்டை ஒட்டி வரும். ரிசல்ட் வந்த வாரமே மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோவோடு தயாராக இருங்கள்.

5. இந்தக் குறிப்பை வீட்டில் வயது கூடிய ஹெல்பர் யாராவது இருந்தால் படித்துக் காட்டுங்கள். ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காதவர்களும் ஐ.டி.ஐ. தேர்வு எழுதலாம். அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆண்டுதோறும் அறிவிப்பு விடுகிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், அந்தப் பிரிவுக்குரிய படிப்பு இருக்க வேண்டும். இங்கே பலர் இடறுவது அனுபவச் சான்றில். நாலு வருஷம் ஒரே பட்டறையில் வெல்டிங் அடித்திருப்பார். ஓனரிடம் ஒரு லெட்டர் கேட்கக் கூச்சம். அல்லது சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருப்பார். வேலையில் இருக்கும்போதே, உறவு நன்றாக இருக்கும்போதே, லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள்: பெயர், செய்த வேலை, சேர்ந்த தேதி, முத்திரை. 'ஹெல்பர்' என்று எழுத வருவார்கள். "அண்ணே, நான் செய்யறதையே எழுதிக் குடுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

6. எட்டாவது, பத்தாவது முடிக்காமல் விட்டவர்கள் வயது போய்விட்டது என்று உட்கார வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு இருக்கிறது.

7. ஐ.டி.ஐ. முடித்ததும் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். மணலி சி.பி.சி.எல்., எண்ணூர் லேலண்ட், பெரம்பூர் ரயில்வே பட்டறைகள், ஐ.சி.எஃப். எல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரம். 2019இல் விதியைத் திருத்தியபோது ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். இணையத்தில் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, நிறுவனங்களின் சொந்தத் தளங்களையும் பாருங்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு இது தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக நடக்கும். அப்ரண்டிஸ் முடித்தால் அதே கம்பெனி வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அந்தக் கனவோடு போகாதீர்கள். ஆனால் ரயில்வேயின் முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு என்று இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே பெரம்பூர் அறிவிப்பைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம்.

8. ராயபுரத்தில் இருந்துகொண்டே பலருக்குத் தெரியாத இடம் சிஃப்நெட். மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனம். தலைமையகம் கொச்சி, சென்னைப் பிரிவு நம்ம ராயபுரத்தில், 1968 முதல். இங்கே இரண்டு படிப்புகள்: மீன்பிடிக் கப்பலை ஓட்டுகிற 'வெசல் நேவிகேட்டர்', இன்ஜினைப் பார்க்கிற 'மரைன் ஃபிட்டர்'. இரண்டும் 2 ஆண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வயது வரம்பு கண்டிப்பானது, அதனால் பத்தாவது முடித்த கையோடு எழுதுங்கள். படித்த பிறகு கடலில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்துவிட்டு மேட், ஸ்கிப்பர், இன்ஜின் டிரைவர் சான்றிதழ்களுக்குத் தேர்வு எழுதலாம். காசிமேட்டில் விசைப்படகிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இன்ஜின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லத் தெரியும். அந்த அறிவுக்கு மத்திய அரசு முத்திரை கிடைக்கிற இடம், வலை காயப்போடுகிற தூரத்தில் இருக்கிறது.

9. துறைமுக வேலை என்றாலே 'போர்ட்ல பர்மனன்ட்' என்று நினைக்காதீர்கள். சென்னைத் துறைமுகம், 2001இல் வந்த எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றிலும் அன்றாட வேலையில் பெரும்பகுதி கான்ட்ராக்டர், கிளியரிங் ஏஜென்ட், சி.எஃப்.எஸ். யார்டு வழியாகவே நடக்கிறது. டேலி கிளார்க், சர்வேயர், லாஷிங் ஆள், ரீச் ஸ்டேக்கர் ஆபரேட்டர், டிரெய்லர் டிரைவர் என்று அங்கே இருக்கிற வேலைகளின் பெயரைத் தெரிந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பி.காம். முடித்த பெண்களுக்கு மண்ணடி, பாரிமுனை, லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ்களில் டாக்குமென்டேஷன் வேலை கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவு. ஆனால் பில் ஆஃப் என்ட்ரி போடக் கற்றுக்கொண்டால் அந்தத் தெருவில் வேலைக்குப் பஞ்சமில்லை.

10. டிரெய்லர் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் காருக்கான லைசென்ஸை எடுத்து வையுங்கள். அதை வாங்கி ஓராண்டு ஆனால்தான் கனரக வாகனத்துக்குப் போக முடியும். வயது 20 ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019இல் எடுத்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக ஓட்டுநர் பயிற்சி தருகிறது. யார்டுக்குள் கிளீனராகப் போய் ஓட்டிப் பழகுவதை விட அது நல்லது.

11. வெல்டர்களுக்கு ஒரு வார்த்தை. ரிஃபைனரி 'ஷட்டவுன்' வேலைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழைப் பார்த்துவிட்டு விடமாட்டார்கள், டெஸ்ட் வைப்பார்கள். 6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது, நீங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். ரூட் ரன்னில் ஒரு இடம் உருகி விழுந்தாலும், உள்ளே பிடிக்காமல் விட்டாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். இதைப் பட்டறை கேட்டு கிரில்லில் பழக முடியாது. ஐ.டி.ஐ.யில் இருக்கும்போதே, அல்லது தெரிந்த ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஓவர்டைமுக்குப் பதிலாகத் துண்டு பைப் கேட்டு, பழகுங்கள்.

12. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அண்ணா நகர் கோச்சிங் சென்டருக்குக் கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் மாநில அரசு நடத்தும் இலவசப் பயிற்சி மையத்தைப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., வங்கி, ரயில்வே தேர்வுகளுக்கான மையம். 500 பேருக்கு இடம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். கல்லூரிப் பெயரிலேயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, வழி கேட்க வேண்டியதில்லை. இடம் கிடைக்காவிட்டால் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்களுக்குக் கொளத்தூர் முதல்வர் படைப்பகம். தமிழ் வழியில் படித்தவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் அதற்கான சான்றிதழை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள். 20 சதவீத ஒதுக்கீடு அதில்தான் இருக்கிறது.

13. தனியார் வேலைக்கு மாநில அரசின் 'தனியார் துறை வேலை இணையம்' 2020இலிருந்து இருக்கிறது. காசு கிடையாது. கிண்டி ஆலந்தூர் சாலையில் உள்ள ஒருங்கிணைந்த வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்தில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய முகாம்களும் நடக்கும். தேதியைப் பேப்பரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விம்கோ நகரில் ஏறினால் ரயில் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். முகாமில் வரும் கார் கம்பெனி வேலைகள் பெரும்பாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம். திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கிய என்ஃபீல்டே பெரிய உற்பத்தியை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. கையெழுத்துப் போடும் முன் கம்பெனி பஸ் எதுவரை வரும், ஹாஸ்டலுக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள்.

14. இன்டர்வியூவில் "இன்னா வேலை தெரியும்?" என்றால் "எல்லா வேலையும் தெரியும் சார்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவரை ஹெல்பர் வரிசையில் உட்கார வைப்பார்கள். எந்த மெஷின், எத்தனை வருஷம், எந்த ஷிஃப்ட் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். பயோடேட்டா ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், ரத்த வகை, பொழுதுபோக்கு எல்லாம் மேலே எழுதி, தெரிந்த வேலையைக் கடைசி வரியில் தள்ளாதீர்கள்.

15. வேலைக்காக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். 'துறைமுகத்தில் ஆள் இருக்கிறார், ரெண்டு லட்சம்' என்று வருபவர் மாமாவின் நண்பராகவே இருந்தாலும் சரி. வெளிநாடு என்றால் 1978 முதல் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அவர் காசு வாங்கவே கூடாது. டூரிஸ்ட் விசாவில் கம்போடியா, மியான்மர், லாவோஸுக்கு 'டேட்டா என்ட்ரி' வேலை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2022 முதல் அங்கே ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீண்டு வந்த தமிழர்கள் பலர்.

16. சேர்ந்த முதல் மாதமே கான்ட்ராக்டரிடம் பி.எஃப். யு.ஏ.என். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம். கான்ட்ராக்டர் மாறினாலும் யு.ஏ.என். எண் மாறக் கூடாது. புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தால் பழைய எண்ணைக் காட்டுங்கள். சம்பளச் சீட்டையும் கேட் பாஸையும் ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஐந்தாம் குறிப்பில் சொன்ன 3 ஆண்டு அனுபவத்தை, ஓனர் லெட்டர் தர மறுத்தால், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.